டெல்டாவில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டால்

இந்தக் கேள்விகளை அனுப்பியவர் சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீடு காவிரி டெல்டாவில் மன்னார்குடிப் பக்கம், நாலு தலைமுறையாக விவசாயம். மாப்பிள்ளை கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய் அப்பாவுக்குக் கைகொடுக்க நினைக்கிறாராம். கேள்விகள் மூன்று. அந்த வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருக்கும்? அதை வைத்துப் பிழைக்க முடியுமா? நிலத்தை விற்று பாங்கில் போட்டால் வட்டியே இதைவிட அதிகம் வருமே, ஏன் ஒருத்தரும் விற்பதில்லை?

நான் அதே பக்கத்துக்காரன். பாமணியாற்றுப் பாசனம். அப்பா எழுபது தாண்டியும் தினம் வயலுக்குப் போகிறார். நான் வெளியே மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்துக்கு விவசாயி. மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அது பிடிபட்டால் மற்ற இரண்டும் தானாகப் பிடிபடும்.

உங்கள் கணக்கு சரிதான். ஒரு ஏக்கர் சம்பாவை (ஆவணியில் ஆரம்பித்து மாசியில் முடியும் நெல் போகம்) எடுத்துக்கொள்ளுங்கள். உழவு, விதை, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு வண்டி, நெல் ஏற்றிப்போகும் டிராக்டர் எல்லாம் சேர்த்து எங்கள் பக்கம் 30,000 ரூபாய்க்குக் குறையாது. இதில் வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி போடவில்லை. நல்ல வருஷத்தில் 60 கிலோ மூட்டையில் 30 முதல் 35 மூட்டை காணும். அதாவது 18 முதல் 21 குவிண்டால். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். ஆக 45,000 முதல் 53,000 வரை. செலவு போக ஏக்கருக்கு 15,000, மிஞ்சிப்போனால் 20,000. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஆவணியில் ஆரம்பித்து மாசி வரை காத்திருந்து பார்ப்பது ஒரு லட்சத்துக்கு உள்ளே. அதே ஒரு ஏக்கர் 10 லட்சத்துக்கு விலை போனால், 7 சதவீத வட்டிக்கு வருஷம் 70,000 சும்மா வரும். இது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத கணக்கு இல்லை. டீக்கடையில் வாரம் ஒருவர் போட்டுக் காட்டுவார். காட்டிவிட்டு அவரும் எழுந்து வயலுக்குத்தான் போவார்.

காரணம், நிலத்தை ஒரு முதலீடாக யாரும் வைத்திருக்கவில்லை. குடும்பத்தைத் தாங்கி நிறுத்தும் அடமானம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று வேலி. (இங்கே கணக்கு மாவில் ஓடும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு முப்பது மா. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்குப் பத்து மா. பெரியப்பா படித்து வேலைக்குப் போனார். அவர் காலேஜ் பீஸ் கட்டத் தாத்தா இரண்டு வருஷம் நிலத்தை ஒத்திக்கு வைத்து மீட்டார். பிறகு பெரியப்பா அனுப்பிய பணத்தில்தான் அத்தை கல்யாணம் நடந்தது, ஆழ்குழாய் இறங்கியது. அப்பா ஒருவர்தான் ஊரில் தங்கினார். பங்காளி ஒருவர் விற்கும்போது ஐந்து மாவை வாங்கினார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நெல்லிலிருந்து இல்லை. அம்மா நகை, என் முதல் இரண்டு வருஷச் சம்பளம்.

நாலு தலைமுறை விவசாயம் என்று பெருமையாகச் சொல்லும் எந்தக் குடும்பத்தையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். உள்ளே ஒரு வாத்தியார், ஒரு பஸ் கண்டக்டர், சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருவர் இருப்பார். நிலம் ஒருவரைப் படிக்கவைத்து வெளியே அனுப்பும். போனவரின் சம்பளம் வறட்சி வருஷத்தில் நிலத்தைக் காப்பாற்றும். இந்தப் போக்குவரத்து நின்றுபோன குடும்பங்கள்தான் விற்றன. நிலத்தை மட்டுமே நம்பி நாலு தலைமுறை தாக்குப்பிடித்த சிறு குடும்பம் ஒன்றை எங்கள் பக்கம் காட்டுவது கஷ்டம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர் கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

ஆகவே உங்கள் மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லும்போது, அந்த வீட்டில் அடுத்த சம்பளக்காரர் யார் என்று ஒரு கேள்வி தானாக எழுகிறது. நீங்களாகவும் இருக்கலாம். அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.

விற்காததற்கு வேறு காரணமும் உண்டு. பல இடத்தில் நிலம் இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ கிடக்கும். நாலு ஊரில் இருக்கும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அத்தைகளிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள், அல்லது வாங்காமல் விட்டிருப்பார்கள். 1989-லேயே தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்துவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டமும் வந்தது. இருந்தும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அக்கா தங்கைகள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் நடைமுறை. அதற்கு ஈடாக அண்ணன் வீட்டிலிருந்து வருஷா வருஷம் பொங்கல் சீர் போகும். அந்தச் சீர் நின்றுபோனால் நிலத்தின் பேச்சு மறுபடி எழும். இது ஏதோ பழங்காலத்துக் கதை இல்லை, போன வருஷமும் எங்கள் தெருவில் நடந்தது.

அடுத்தது தண்ணீர். டெல்டா வீட்டில் வைகாசி பிறந்தால் பேச்சே அதுதான். காலையில் பல் துலக்குவதற்கு முன் உங்கள் மாமனார் கேட்கப்போவது, "மேட்டூர் எவ்ளோ?" அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12-இல் திறந்தால் குறுவை (சம்பாவுக்கு முந்தைய குறுகிய காலப் போகம்). பிந்தினால் குறுவை போச்சு, ஒருபோகச் சம்பா மட்டும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016-இல் செப்டம்பர் 20-இல் திறந்தார்கள், வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது, அந்த வருஷம் எங்கள் பக்கம் பலர் விதைநெல்லைக் கூடத் திரும்ப எடுக்கவில்லை. 2022-இல் மே 24-இலேயே தண்ணீர் வந்தது. 2023-இல் தேதி தவறாமல் திறந்து, அக்டோபர் 10-இல் மூடினார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2025-இல் மறுபடி ஜூன் 12. ஒரு இளைஞன் இதை நம்பி அஞ்சு வருஷத் திட்டம் போட முடியாது என்பதற்கு இந்தத் தேதிகளே போதும். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருஷம் 177.25 டிஎம்சி காவிரித் தண்ணீர் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் வரையறுத்தது, மாதக் கணக்கும் இருக்கிறது. ஆனால் அங்கே நல்ல மழை பெய்யும் வருஷம் அதற்கு மேலேயே வந்து கடலுக்குப் போகும். பெய்யாத வருஷம் கூட்டம் கூட்டமாகப் பேச்சுவார்த்தைதான் வரும்.

மேட்டூரில் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணை. அங்கிருந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, ஏ வாய்க்கால் (ஆற்றிலிருந்து பிரிவது), பி வாய்க்கால் (அதிலிருந்து பிரிவது) தாண்டி வயலுக்கு வருவது வேறு கதை. முறைப்பாசனம் விட்டால் இரண்டு நாள் தண்ணீர் உண்டு, பிறகு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நம் முறை வந்தால் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மடையைத் திறந்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. வரப்பில் எங்காவது நண்டு வளை இருக்கும். இந்தப் பக்கம் கட்டிய தண்ணீர் அந்தப் பக்கம் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க அப்பா டார்ச் அடிப்பதில்லை. வரப்பின் கீழ்ப்பக்கம் வெறுங்காலோடு மெதுவாக நடப்பார். ஜில்லென்று தண்ணீர் ஓடுவது காலில் பட்டதும் நின்று, ஒரு வெட்டு, ஒரு குத்துக் களிமண், மேலே ஒரு மிதி. எனக்கு இன்னும் டார்ச் வேண்டியிருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக வருவது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பொதுவான விவசாய அறிவு இல்லை. அதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் எழுதிக் கொடுத்துவிடும். இந்தக் குறிப்பிட்ட பதினைந்து மாவைப் பற்றிய அறிவு. கோயிலடித் தாக்கில் (தாக்கு என்றால் வயல் துண்டு) வடக்கு மூலை பள்ளக்கால், ஐப்பசி மழையில் இடுப்பளவு நிற்கும், அங்கே சிஆர் 1009 சப்-1 என்ற நெல் ரகம் தவிர வேறு எதுவும் தாங்காது (அது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி தூர் கட்டும்). மேட்டுத் தாக்கில் ஆந்திரா பொன்னி போடலாம், ஆனால் தழைச்சத்து கொஞ்சம் கூடினால் சாய்ந்துவிடும். இந்த வாய்க்காலில் தண்ணீர் வந்து எத்தனை நாழிகை கழித்து நம் மடையில் ஏறும், யார் வயல் வழியாக வடியவிட்டால் சண்டை வராது. இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அப்பாவோடு பத்து போகம் சுற்றினால்தான் கிடைக்கும். உங்கள் மாப்பிள்ளை திரும்பி வர நினைப்பதில் அறிவுள்ள பகுதி என்று நான் நினைப்பது இது ஒன்றுதான்: அப்பா நடமாடும்போதே வருகிறார்.

ஆனால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து விவசாயம் பார்ப்பது அவ்வளவு சுலபம் இல்லை, இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கூட்டுறவு சங்க உறுப்பினர் அட்டை, பாங்குப் புத்தகம், பட்டா எல்லாம் அப்பா பெயரில். பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதானாலும் ஊரில் அவன் "இன்னாரு பையன்". மெஷின் நடவு போடலாம் என்பான் பிள்ளை, கை நடவுதான் நெருக்கமாக வரும் என்பார் அப்பா. நேரடி விதைப்பு செய்தால் நாற்றங்கால் செலவு மிச்சம் என்பான். களை எடுக்க உன் பாட்டன் வருவானா என்பார். போன சம்பா அறுப்பில் எங்கள் வீட்டில் நடந்தது (பெல்ட் வண்டி ஈர வயலிலும் இறங்கும் அறுப்பு இயந்திரம், டயர் வண்டிக்கு வயல் காய்ந்திருக்க வேண்டும்):

"ஏம்ப்பா, வயக்காட்டுல ஈரம் காயல. பெல்ட் வண்டியே சொல்லிடட்டுமா?"

"டயர் வண்டி பாதி வாடகைக்கு வருது. ரெண்டு நாள் பொறு. காத்து திரும்பிடுச்சுன்னா காஞ்சிடும்."

"அதுக்குள்ள மழை வந்துட்டா?"

"வந்தா பெல்ட்டு வண்டி. அப்பவும் அதே வாடகைதானே?"

அவர் சொன்னது சரியாக இருந்த வருஷமும் உண்டு, சாய்ந்த கதிர் முளைத்துப்போன வருஷமும் உண்டு. விஷயம் அதில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவு அவருடையது. அதைத் தாங்கும் பொறுமை உங்கள் மாப்பிள்ளைக்கு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் கணிக்க வேண்டும். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்லிப் பழகியவருக்கு இது லேசில் வராது.

இனி பெண்கள். விவசாயி என்றால் மீசை வைத்த ஒரு ஆளைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் விதைநெல்லைக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி, எந்த மூட்டை எந்த ரகம் என்று அடையாளம் வைப்பது அம்மா. மாடு அம்மா பொறுப்பு. நடவு ஆட்களை முதல்நாள் சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டு வருவதும், காலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் கூலி கொடுப்பதும் அம்மாதான். பட்டாவில் அவர் பெயர் இல்லை. ஆனால் உளுந்துக் காசு அவருடையது. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்த பிறகு அது பனி ஈரத்திலேயே வளர்ந்து பங்குனி, சித்திரையில் காய்க்கும். உழவு இல்லை, உரம் இல்லை. அறுப்பு வண்டி வந்ததிலிருந்து அதன் சக்கரத்தில் முளை நசுங்கி அந்த வருமானம் பாதியாகிவிட்டது. இயந்திரம் வந்ததில் கூலி மிச்சமானது அப்பாவுக்கு, உளுந்து குறைந்தது அம்மாவுக்கு.

வீட்டுக்கு வரும் மருமகளை இன்று யாரும் வயலில் இறங்கச் சொல்வதில்லை. படித்த பெண் என்றால் கணக்கு, சங்கம், பாங்கு, இ-சேவை மையம் எல்லாம் உங்கள் தலையில் வரும். சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்ற கிராமப் பதிவேடு), காப்பீட்டு ரசீது, கொள்முதலுக்கு ஆன்லைன் பதிவு என்று இப்போதைய விவசாயத்தில் பாதி காகிதம். அதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில் இருந்தால் நிஜமாகவே பணம் மிச்சம். தனிமை இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உங்கள் வயதுப் பெண்கள் ஊரில் குறைவு. பெரும்பாலோர் திருச்சி, திருப்பூர், சென்னை என்று போயிருப்பார்கள். ஆனால் தனியாக இருக்கவும் விட மாட்டார்கள். ஒரு நாள் வாசலில் கோலம் போடாவிட்டால் நாலு பேர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

நாலு தலைமுறை விவசாயக் குடும்பம் என்ற பட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது பட்டா வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பட்டம். எங்கள் வயலில் நாலு தலைமுறையாக நாற்று பறித்து, நட்டு, அறுத்த குடும்பங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தா காலத்தில் அவர்கள் பண்ணையாட்கள். 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதற்காக 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அது எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் இல்லை. தாத்தா அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. பக்கத்துத் தெருவில் இன்றும் பேசுகிறார்கள். இப்போது அந்தக் குடும்பங்களில் சிலர்தான் வெளியூர் போனவர்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். சேற்றில் இறங்குவது அவர்கள், பட்டா இன்னும் வேறொருவர் பெயரில். அடங்கலில் பெயர் ஏறாவிட்டால் பயிர்க்கடனும் இல்லை, வெள்ள நிவாரணமும் வேறு கைக்குப் போகும். நீங்கள் போகும் வீட்டில் இந்தத் தெருவைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கவனியுங்கள். குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

ஆள் பற்றாக்குறை என்று எல்லோரும் புலம்புவதும் இதோடு சேர்ந்ததுதான். நூறு நாள் வேலையால் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய உண்மை, அந்தத் தெருப் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள், உங்கள் மாப்பிள்ளையைப் போலவே அவர்களும் வெளியே போனார்கள். அவர்களில் யாரும் "திரும்பி வந்து நடவு நடுகிறேன்" என்று கனவு காணவில்லை. அதில் வியக்க ஒன்றுமில்லை. இப்போது சில ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். வேகமாக நடுகிறார்கள், நடவுப் பாட்டு மட்டும் வங்காளியில்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், வறட்சியைவிட ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். வறட்சி மெதுவாக வரும், செலவைக் குறைத்துக்கொள்ளலாம். வெள்ளம் நட்டு முடித்து, முதல் உரமும் போட்ட பிறகு வரும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் மூன்று நாளில் வடிய வேண்டிய தண்ணீர் பத்து நாள் நிற்கும், இளம்பயிர் அழுகிவிடும். காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது வருவாய்க் கிராமத்தை ஓர் அலகாக வைத்து, சில வயல்களில் அறுத்துப் பார்த்து, சராசரி விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுவது. ஊர் முழுக்கப் போனால் கிடைக்கும். உங்கள் பள்ளக்கால் மட்டும் போனால் இதுவரை பெரும்பாலும் கிடைத்ததில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேறு ரகம். நெல்காரன் அடுத்த போகத்தில் எழுந்துவிட்டான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அப்பன் வைத்த தென்னையை நம்பிய குடும்பங்களுக்கு ஒரே ராத்திரியில் ஒரு தலைமுறை வருமானம் சாய்ந்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நெல்லையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், வேறு பயிர் வைக்கலாமே என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் களிமண் வயலில் நெல்லைத் தவிர எது நிற்கும்? அதோடு, விலை முன்கூட்டியே தெரிந்து, ஊருக்குப் பக்கத்திலேயே அரசு வந்து வாங்கிக்கொள்ளும் பயிர் நெல் ஒன்றுதான். தக்காளிக்காரன் விலை விழுந்து சாலையில் கொட்டும் நிலைமை எங்களுக்கு இல்லை. பெரிதாக லாபம் வராது, அடியோடு மூழ்கவும் விடாது.

அந்த நெல்லை விற்பது தனி அனுபவம். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தின் முன் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி, முறை வரும்வரை பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும். பனி தார்ப்பாயில் சொட்டும், காலையில் மேல்நெல் ஈரமாகிவிடும். பத்து மணிக்குப் பிரித்துப் பரப்பி, காலால் அளைந்து காயவைத்து, சாயங்காலம் மறுபடி குவிக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மீட்டர் என்ன காட்டும் என்பது அப்பாவுக்கு முன்னமே தெரியும். ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் போகலாம், நசுங்கினால் இன்னொரு நாள். மழை வருஷத்தில் ஈரப்பத விதியைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், பதில் வருவதற்குள் குவியலின் அடிநெல் முளைவிட்டிருக்கும். அப்புறம் தூற்றி, 40 கிலோ சாக்கில் எடைபோட்டு, தைத்து ஏற்றினால் பாங்குக் கணக்கில் பணம் வரும். வழியில் மூட்டைக்கு இவ்வளவு என்று எந்த ரசீதிலும் வராத ஒரு செலவு பல இடத்தில் உண்டு. ஊரில் அதைப் பற்றி யாரும் கோபப்படுவது கூட இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

பணம் வந்ததும் முதலில் போவது கூட்டுறவு சங்கத்துக்கு. கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை, ஆகவே பெரும்பாலோர் எப்பாடுபட்டாவது கட்டிவிடுவார்கள். அடுத்தது நகை. எங்கள் பக்கத்து வீடுகளில் நகை ஆடியில் அடகுக்குக் கிளம்பி மாசியில் திரும்பும். இடையில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் கவரிங்கில்தான் போவார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். 2021-இல் 12,110 கோடிக்குப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது கொஞ்சம் மூச்சு வந்தது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு வயிற்றெரிச்சலும் வந்தது.

பிழைக்க முடியுமா என்றால், வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டாம், பால் வாங்க வேண்டாம், வாடகை இல்லை. இரண்டு பேர் சாப்பிட்டு உடுத்த நிலம் போதும். பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம் மூன்றுக்கும் போதாது. அந்த மூன்றும் வரும்போதுதான் நிலம் கைமாறும். வெளியூரில் இருக்கும் சித்தப்பா பெரியப்பா நிலத்தையும் குத்தகைக்குச் சேர்த்து பதினைந்து ஏக்கருக்கு மேல் பார்த்து, சொந்தமாக டிராக்டரோ அறுப்பு வண்டியோ வைத்து வாடகைக்கும் விடுபவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறார்கள். பாரம்பரிய நெல் போட்டு அரிசியாக்கி நேரடியாக விற்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மறுபடி பேச்சில் வந்ததற்கு நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக விதையைப் பரப்பியது காரணம். ஆனால் அதில் பாதி வேலை வயலில் இல்லை. பாக்கெட் போடுவது, கூரியர், வாடிக்கையாளரோடு பேசுவது. சென்னைப் பழக்கம் உள்ள உங்களுக்கு அது கைவரலாம், உங்கள் மாமனாருக்கு நிச்சயம் வராது.

கல்யாணத்துக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பட்டா யார் பெயரில், பாகம் பிரிந்துவிட்டதா, அத்தைமார் பங்கு எப்படி முடிந்தது, சங்கத்திலும் வெளியிலும் எவ்வளவு கடன், நிலத்துக்கு வடிகால் எது, குத்தகை நிலம் எவ்வளவு. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். சீர்வரிசை பற்றி அவர்கள் தயங்காமல் கேட்பார்கள். வீட்டைப் பார்க்கப் பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள், அன்று எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் கார்த்திகையில், நாலு நாள் விடாத மழையில் ஒரு தடவை போய் இருந்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளையிடமும் ஒன்று சொல்லுங்கள். ராஜினாமாவை இப்போதே கொடுக்க வேண்டாம். மேட்டூர் திறப்பதிலிருந்து நகை திரும்புவது வரை ஒரு முழுச் சாகுபடியை, சனி ஞாயிறும் கைவசம் உள்ள விடுப்பும் போட்டு, அப்பாவோடு பார்க்கட்டும். அந்த வருஷ வரவு செலவை அவரே ஒரு நோட்டில் எழுதட்டும். மாசியில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம்.